திருடரைக் காட்டும் கையேடு, விற்பவரைக் காட்டவில்லை

விருதுநகர் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு வணிகவியல் நடத்துகிறேன். கடந்த கல்வியாண்டில் வாரத்துக்கு ஒரு பாடவேளையைப் பாடத்திட்டத்திலிருந்து பிய்த்தெடுத்து, பணத்தைக் கையாள்வது பற்றித் தனி வகுப்பு எடுத்தேன். அதற்கு நான் நம்பியிருந்தவை இந்திய ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கும் மூன்று கையேடுகள்: 'ஃபேம்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் நிதி விழிப்புணர்வுச் செய்திகள், 2022 மார்ச்சில் வந்த 'பி அவேர்', அதே ஆண்டில் வந்த 'ராஜுவும் நாற்பது திருடர்களும்'. ஓராண்டு முழுக்க வகுப்பறையில் புழங்கியபின், அவை எதற்குப் பயன்பட்டன, எந்த இடத்தில் கைவிட்டன என்பதை மற்ற ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

கையேடுகளைத் தேடிப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு ஒரு தனியார் பயிற்சி நிறுவனம் எங்கள் பள்ளிக்கு வந்து, 'இளையோருக்கான நிதிக் கல்வி' என்று மூன்று மணி நேர வகுப்பை இலவசமாக நடத்தியது. பேச்சாளர் நன்றாகப் பேசினார், மாணவர்கள் சிரித்தார்கள், ஆளுக்கொரு பேனாவும் சான்றிதழும் கிடைத்தன. சான்றிதழ் அச்சிடுவதற்கு என்று ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். அதில் மாணவர் பெயர், பெற்றோரின் கைப்பேசி எண், தொழில், குடும்பத்தின் மாத வருமானம், வீட்டில் காப்பீட்டு பாலிசி உண்டா என்ற கேள்விகள் இருந்தன. படிவங்களை வரிசை வரிசையாக விநியோகித்தவன் நான்தான். மூன்றாவது வாரம், பட்டாசு ஆலைக்குப் போகும் ஒரு மாணவியின் தாயார் பள்ளி வாசலில் என்னை நிறுத்தினார். "உங்க பள்ளிக்கூடத்துல இருந்துதான் பேசுறோம்னு சொன்னாங்களே சார், அந்தப் பாலிசி போடலாமா?" என்று கேட்டார். சனிக்கிழமை கூலி வாங்கி அந்த வாரத்தை ஓட்டுகிற குடும்பம் அது.

சான்றிதழுக்கு எதற்கு மாத வருமானம் என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தைகளாகவே கொள்கிறது. அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. இதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். இலவச வகுப்பு என்று நாங்கள் நினைத்ததற்கு விலை இருந்தது; அதைக் கொடுத்தவர்கள் வகுப்பறைக்கு வெளியே இருந்தார்கள்.

இந்த அனுபவத்தோடு ரிசர்வ் வங்கியின் கையேடுகளைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது, அவற்றில் இல்லாதது எது என்பதுதான். எந்த வங்கியின் சின்னமும் இல்லை. எந்தச் செயலியைத் தரவிறக்கச் சொல்லும் வாசகமும் இல்லை. யாரும் எண்ணைக் கேட்பதில்லை. பெயர் பதிவு செய்யாமலே படிக்கலாம், அச்செடுக்கலாம். கேட்பதற்குச் சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால் பள்ளிக்குள் பணத்தைப் பற்றிப் பேச வருகிற எவரிடமும் நான் இப்போது முதலில் பார்ப்பது இதைத்தான்.

மூன்றில் மாணவர்களைப் பிடித்துவைத்தது 'ராஜு'தான். ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்கு வந்த புகார்களின் சாயலில் அமைந்த நாற்பது சிறு நிகழ்ச்சிகள், படங்களோடு. ஒவ்வொன்றிலும் ஏமாறுகிறவர் பெயர் ராஜு. ஒவ்வொன்றின் முடிவிலும் என்ன செய்திருக்க வேண்டும், எதைச் செய்திருக்கக் கூடாது என்ற குறிப்பு. ஆங்கிலப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு நான் கதையைத் தமிழில் சொன்னேன். மோசடி எந்த இடத்தில் தொடங்குகிறது என்று மாணவர்கள் கையைத் தூக்க வேண்டும். பழைய பொருளை இணையத்தில் விற்கப் போகும் ராஜுவிடம், பணம் அனுப்புவதாகச் சொல்லி ஒருவன் பணம் கோரும் செய்தியை அனுப்ப, ராஜு தன் ரகசிய 'பின்' (PIN) எண்ணைப் போட்டுவிடும் கதையில் முக்கால்வாசிக் கைகள் தாமதமாகவே உயர்ந்தன. பணம் வருவதற்கு 'பின்' எண் தேவையில்லை, போவதற்கு மட்டுமே தேவை என்ற ஒற்றை வாக்கியத்தை அந்த வகுப்பு இனி மறக்காது என்று நம்புகிறேன். ஒருவர் மற்றொருவரிடம் இப்படிக் கோரிக்கை அனுப்பும் வசதியையே 2025 அக்டோபர் முதல், யுபிஐயை நடத்தும் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் நிறுத்திவிட்டது. ஆகவே கதையின் அந்த வடிவம் பழையதாகிவிட்டது; பாடம் பழையதாகவில்லை.

அச்சிட்ட நாளோடு உறைந்துபோவது இத்தகைய கையேடுகளின் இயல்பான குறை. காவல்துறை அதிகாரி போல வீடியோ அழைப்பில் வந்து 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுவது 2022-க்குப் பிறகு பரவிய தந்திரம். கமிஷன் தருவதாகச் சொல்லிக் கல்லூரி மாணவர்களின் வங்கிக் கணக்கை 'வாடகைக்கு' வாங்கி அதன் வழியாகத் திருட்டுப் பணத்தைக் கடத்துவதும் இப்போது அதிகம் கேள்விப்படுவது. இவ்விரண்டையும் நானே சேர்த்துக்கொண்டேன். மோசடி நடந்தவுடன் அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணை வகுப்பு முடியும்போதெல்லாம் சொல்ல வைத்தேன். 'பி அவேர்' கையேடு மோசடிகளைத் தந்திரம் வாரியாகப் பிரித்து விளக்குகிறது. மாணவர் கையில் கொடுப்பதைவிட ஆசிரியர் மேசையில் வைத்துக்கொள்வதற்கு அது ஏற்றது. அதைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

'ஃபேம்' வேறு வகை. வரவு செலவுக் கணக்கு, சேமிப்பு, கடன், வங்கிக் கணக்கு, புகார் செய்யும் வழி என்று அடிப்படைகளைத் துண்டுச் செய்திகளாகச் சொல்கிறது. சொல்வதெல்லாம் சரி. ஆனால் அது இந்தியா முழுமைக்கும் எழுதப்பட்டது என்பதால், எங்கள் ஊரில் பணம் எந்த மொழியில் பேசுகிறதோ அந்த மொழி அதில் இல்லை. இங்கே வட்டியை யாரும் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று சொல்வதில்லை. 'ரெண்டு வட்டி', 'மூணு வட்டி' என்பார்கள்; நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் என்று அதற்குப் பொருள். வங்கி நகைக்கடனுக்கு 9 சதவீதம் என்ற பலகையைப் பார்க்கும் பையன், பக்கத்துத் தெருவில் கிடைக்கும் 'ரெண்டு வட்டி'க் கடன் அதைவிட மலிவு என்று நினைக்கிறான். ஒன்பதைவிட இரண்டு சிறியதுதானே. இரண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம் என்று கரும்பலகையில் எழுதியபோது, பொருளியலும் கணக்குப்பதிவியலும் படிக்கும் பன்னிரண்டாம் வகுப்பில் பாதிப் பேருக்கு அது புதுச் செய்தியாக இருந்தது. அவர்களுக்கு அதைச் சொல்லாமல் விட்டது ரிசர்வ் வங்கி மட்டுமல்ல. எங்கள் பாடநூலும் நானும்தான்.

மற்றொரு சாய்வும் 'ஃபேம்' கையேட்டில் தெரிகிறது. வங்கிகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பு எழுதியது என்பதால், வங்கிக்குள் இருப்பது பாதுகாப்பு, வெளியே இருப்பது ஆபத்து என்ற கோடு அதில் அழுத்தமாக விழுகிறது. ஊரைப் பெயர்த்தெடுத்துப் போன நிதி நிறுவனங்களைத் தமிழ்நாடு எத்தனையோ பார்த்துவிட்டது. முதலீட்டாளர் பாதுகாப்புக்காக 1997-லேயே மாநிலத்தில் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. கந்துவட்டிக்கு எதிராக 2003-இல் மற்றொன்று. ஆகவே அந்த எச்சரிக்கை வெறுமனே எழுந்ததல்ல. ஆனால் சட்டப்படி பதிவு செய்யப்பட்ட ஏலச்சீட்டு ஒன்று உண்டு என்பதையும், வங்கியில் போட்ட பணத்துக்கும் ஒரு வங்கிக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான் வைப்புத்தொகைக் காப்பீடு உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், கோட்டுக்கு உள்ளே நிற்கும் எவரிடமும் கேள்வி கேட்கத் தேவையில்லை என்று மாணவர் புரிந்துகொள்கிறார்.

என்னுடைய முதன்மையான குறையும் இதுதான். மூன்று கையேடுகளும் விளம்பரமற்றவை. ஆனால் விற்பனை எப்படி நடக்கிறது என்பதை அவை சொல்லவில்லை. நாற்பது திருடர்களும் சட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள். சட்டத்துக்கு உள்ளே நின்று, அடையாள அட்டை அணிந்து, சிரித்த முகத்தோடு, பொருளைத் தேவையில்லாதவர் தலையில் கட்டுகிற நாற்பத்தொன்றாவது ஆள் அந்தப் புத்தகத்தில் இல்லை. எங்கள் பள்ளிக்கு வந்தவர் அவர்தான். 'ராஜு'வை ஓராண்டு முன்னதாகவே படித்திருந்தாலும் அந்தப் படிவத்தை நான் விநியோகித்திருப்பேன். ஏனென்றால் அதில் ஓடிபி கேட்கப்படவில்லை, லிங்க் எதுவும் இல்லை, யாரும் மிரட்டவில்லை.

எனவே இரண்டு பக்கங்களை நானே எழுத வேண்டியிருந்தது. முதல் பக்கத்துக்கு விதை போட்டவர் ஒரு மாணவி. வீட்டில் தவணைக்கு வாங்கிய தையல் இயந்திரத்தின் அட்டையைக் கொண்டுவந்திருந்தார். கடன் 12,000 ரூபாய்; வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம்; 12 தவணை; மாதம் 1,120 ரூபாய். மொத்த வட்டி 1,440 ரூபாய் என்பதால் கணக்கு சரியாகவே இருக்கிறது என்று வகுப்பே ஒப்புக்கொண்டது. பிறகு மாதவாரியாக எழுதினோம். ஒவ்வொரு தவணையிலும் அசலுக்கு 1,000, வட்டிக்கு 120. முதல் மாதம் கையில் இருந்த கடன் 12,000. அதற்கு 120 ரூபாய் வட்டி நியாயம். ஏழாவது மாதம் மீதி 6,000 தான்; அதற்கும் 120. பன்னிரண்டாவது மாதம் மீதியிருக்கும் அசல் வெறும் 1,000 ரூபாய். அதற்கும் அதே 120. ஆயிரத்துக்கு ஒரு மாதத்துக்கு 120 என்றால் நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்வரிசையிலிருந்து, "பன்னெண்டு வட்டியா சார்?" என்று ஒரு குரல் வந்தது. ஊர் மொழியில் அது கந்துவட்டிக்காரரே வாய்விட்டுச் சொல்லக் கூசும் எண். குறைந்துவரும் அசலின் மீது கணக்கிட்டால் அந்தக் கடனின் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 21.5 சதவீதம். கடைக்காரர் பொய் எதுவும் சொல்லவில்லை. 12 என்ற எண்ணை எதன் மீது கணக்கிட்டார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

இங்கே ரிசர்வ் வங்கிக்கு உரிய பாராட்டையும் சொல்லிவிட வேண்டும். வங்கிகளும் வங்கிசாரா நிதி நிறுவனங்களும் சில்லறைக் கடன் கொடுக்கும்போது, எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டியை ஒரு முக்கிய விவரத் தாளில் எழுதித் தர வேண்டும் என்ற விதி 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அம்மாவின் குழுக்கடனுக்கு அந்தத் தாளைக் கேட்டு வாங்கிவரச் சொன்னபோது, கொண்டுவந்தவர்கள் சிலர். அப்படியொரு தாள் பீரோவில் ஏற்கெனவே மடிந்து கிடந்ததைக் கண்டுபிடித்தவர்கள் அவர்களைவிட அதிகம். உரிமை வீட்டுக்குள் வந்து சேர்ந்துவிட்டது. அதை வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் பக்கம்தான் வரவில்லை.

இரண்டாவது பக்கம் கமிஷனைப் பற்றியது. எழுதுவதற்கு இதுவே கடினமாக இருந்தது. ஏனென்றால் எங்கள் ஆசிரியர் அறையிலேயே, துணைவியின் பெயரில் காப்பீட்டு முகவாண்மை வைத்திருப்பவர்கள் உண்டு. ஆண்டுக்கு 12,000 வீதம் 20 ஆண்டுகள் கட்டினால் முடிவில் 4.4 லட்சம் கிடைக்கும் என்று ஒரு கற்பனைப் பாலிசியை எடுத்துக்கொண்டோம். கட்டியது 2.4 லட்சம், 'ஏறக்குறைய இரட்டிப்பு' என்று அதை விற்கலாம். வட்டியாகப் பார்த்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 5.5 சதவீதம். அதே பணத்தை அஞ்சலகத்தின் பொது வருங்கால வைப்பு நிதியில் போட்டு, 2020 ஏப்ரலில் நிர்ணயிக்கப்பட்ட 7.1 சதவீத வட்டி 20 ஆண்டும் மாறாமல் கிடைத்தால், 5.3 லட்சத்தைத் தாண்டும். உடனே ஒரு மாணவர், அப்படியானால் பாலிசி மோசடியா என்று கேட்டார். இல்லை, அதில் ஆயுள் காப்பீடும் சேர்ந்திருக்கிறது, அதைக் கழிக்காமல் ஒப்பிடுவது நியாயமல்ல, வைப்பு நிதியின் வட்டியும் அரசு மாற்றக்கூடியது என்று விளக்கினேன். விளக்கி முடித்தபோதுதான், அஞ்சலகத்தின் விற்பனையாளனாக நான் மாறிக்கொண்டிருந்தேன் என்பதும் உறைத்தது. அதன்பின் அந்தப் பக்கத்தின் கீழே பொருளின் பெயர் எதையும் எழுதாமல், விற்பவரிடம் கேட்க வேண்டியவற்றை மட்டும் எழுதினேன்: இதை நான் வாங்கினால் உங்களுக்கு என்ன கிடைக்கும்? மூன்றாம் ஆண்டில் நிறுத்தினால் எனக்கு எவ்வளவு திரும்பும்? ஆயுள் பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கலாம் என்ற தகவலையும், 2013 ஜனவரி முதல் மியூச்சுவல் ஃபண்டுகளில் இடைத்தரகர் கமிஷன் இல்லாத நேரடித் திட்டம் தனியாக இருக்கிறது என்ற தகவலையும் சேர்த்தேன்.

விற்பவர்களே நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று தலைமையாசிரியர் ஒருமுறை கேட்டார். அந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. அவர்களிடம் பணம் இருக்கிறது, பேச்சாளர்கள் இருக்கிறார்கள். மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்கள் தங்கள் சொத்து மதிப்பில் நூற்றில் 0.02 பங்கை முதலீட்டாளர் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2012-இல் விதித்தது. ஆனால் துறையின் கல்விப் பிரசாரமாக நாம் எல்லோரும் அறிந்தது, அந்தப் பொருள் சரியானதுதான் என்று சொல்லும் ஒற்றை வாசகம். யாருக்கு, எப்போது சரியில்லை என்பதை விற்பவர் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவருக்கும் கஷ்டம். ஆஸ்திரேலியாவில் காமன்வெல்த் வங்கி 1931 முதல் பள்ளிகளுக்குள்ளேயே சேமிப்புக் கணக்கு நடத்திவந்தது. பல தலைமுறைகள் அதைப் பாசத்தோடு நினைவில் வைத்திருக்கின்றன. அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் இத்தகைய திட்டங்களை ஆராய்ந்து 2020 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, அவற்றால் மாணவரின் நீண்டகாலச் சேமிப்புப் பழக்கம் மேம்பட்டதற்குச் சான்று காட்ட முடியவில்லை என்றும், விளம்பர உத்திகளுக்குச் சிறு பிள்ளைகள் உள்ளாகிறார்கள் என்றும் சொன்னது. விக்டோரியா மாநிலம் 2021 முதல் வங்கிகளின் திட்டங்களைப் பள்ளிகளில் அனுமதிப்பதில்லை என்று முடிவெடுத்தது. நம் பக்கத்தில் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும் சஞ்சயிகாவும் பள்ளிச் சேமிப்புதான். ஆனால் அதில் போட்ட பத்துப் பைசாவைக் காட்டி யாரும் அப்பாவுக்குக் கடன் அட்டை விற்க வரவில்லை. பத்து வயது நிறைந்த பிள்ளைகள் தாமே வங்கிக் கணக்கை இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம் என்று 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியிருக்கும் நிலையில், பள்ளி வாசலில் வங்கிகள் மேசை போடும் நாள் தொலைவில் இல்லை என்றே நினைக்கிறேன்.

வேறு தெரிவுகள் இல்லாமலில்லை. ரிசர்வ் வங்கி, செபி, காப்பீட்டு ஆணையம், ஓய்வூதிய ஆணையம் ஆகிய நான்கும் சேர்ந்து இலாப நோக்கற்ற நிறுவனமாகத் தொடங்கிய தேசிய நிதிக் கல்வி மையம், 6 முதல் 10-ஆம் வகுப்பு வரை பயிற்சி நூல்களையும் ஆசிரியர் பயிற்சியையும் கட்டணமின்றித் தருகிறது. அந்த மையத்தின் 2019-ஆம் ஆண்டு ஆய்வில், கேள்விகளுக்குப் பதில் சொன்ன வயதுவந்தோரில் 27 சதவீதம் பேரே நிதியறிவு பெற்றவர்களாகத் தேறினார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்க நினைக்கும் பள்ளிக்கு அந்த நூல்களே பொருத்தமானவை. ரிசர்வ் வங்கியின் கையேடுகள் மேல்நிலை வகுப்புக்கும் பெற்றோர் கூட்டத்துக்கும் நன்றாகப் பொருந்தும்.

மேல்நிலை வகுப்பில் மற்றொரு சிக்கலும் உண்டு. பையன்கள் வீட்டில் பார்ப்பது கைப்பேசியில் வரும் 'டிரேடிங்' குருக்களை. அவர்களும் 'கல்வி' என்றே தங்களை அழைத்துக்கொள்கிறார்கள். செபியின் 2024 செப்டம்பர் ஆய்வு, மூன்று நிதியாண்டுகளில் பங்குகளின் எதிர்கால விலையை ஊகித்து நடக்கும் எஃப் அண்ட் ஓ வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமடைந்ததையும், மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியதையும் காட்டியது. அதைப் படித்துக் காட்டியபோது, "மீதி ஏழு பேர்ல ஒருத்தர்தான் சார் எங்களுக்குச் சொல்லித்தர்றாரு" என்று ஒரு பையன் சொன்னான்; வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். சந்தைக் கல்வி மட்டுமே தருபவர்கள் கடைசி மூன்று மாத விலைகளைப் பயன்படுத்தி எந்தப் பங்கையும் சுட்டக் கூடாது என்று 2025 ஜனவரியில் செபி வரையறுத்திருப்பதைச் சொன்னதும் அவனே அன்றிரவு தன் குருவின் காணொளியைச் சோதித்திருக்கிறான். மறுநாள் வந்து, "நேத்து விலையத்தான் சார் காட்டுறாரு" என்றான்.

கையேடுகளை எடுக்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. 'ராஜு'வின் படங்கள் வண்ணத்தில் இருப்பதால் கறுப்பு வெள்ளை நகலில் மங்கிவிடுகின்றன. பள்ளியின் ஜெராக்ஸ் இயந்திரத்தில் மை தீர்ந்துபோனதால் நாற்பது திருடர்களில் பன்னிரண்டு பேரைத்தான் எங்களால் பிடிக்க முடிந்தது. மீதியை ஸ்மார்ட் பலகையில் காட்டினேன். வரும் ஜூனில், கையேடுகளுக்கு முன்னால், நாங்கள் எழுதிய இரண்டு பக்கங்களையும் அந்தப் பழைய படிவத்தின் வெற்று நகல் ஒன்றையும் வைக்கப்போகிறேன். சான்றிதழ் அச்சிட இவற்றில் எந்தக் கேள்விகள் தேவை என்று வட்டமிடச் சொல்வதுதான் முதல் பாடவேளை.